5 கிலோ ஹஷீஷ், ஒரு பஸ் பயணம், கொஞ்சம் பன்றி மூளை

1960களின் தொடக்கம். டெல் அவிவிலிருந்து ரெஹோவோட்டுக்குப் போகிற பஸ்ஸில் திடீரென்று ஒரு வாசனை. பயணிகள் மூக்கை உறிஞ்சுகிறார்கள், இது என்ன, எங்கிருந்து வருகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். பையோடு உட்கார்ந்திருக்கும் இளம் வேதியியல் விஞ்ஞானி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? பைக்குள் இருப்பது 5 கிலோ முதல்தர லெபனான் ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின். அதைத் தூக்கிக் கொடுத்தது யார் தெரியுமா? சாட்சாத் போலீஸ்!

ரஃபேல் மெக்கூலம் என்பது அவர் பெயர். பல்கேரியாவின் சோஃபியாவில் 1930-ல் பிறந்து, 1949-ல் இஸ்ரேலுக்கு வந்தவர். வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஆராய்ச்சிக்கு ஹஷீஷ் வேண்டும், ஆனால் எந்தக் கடையில் போய்க் கேட்பது? நேராக நிறுவனத்தின் நிர்வாகத் தலைவரிடம் போய், போலீஸில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்திருக்கிறார். நிர்வாகி உடனே போனைச் சுழற்றினார். மறுமுனையில் இருந்த அதிகாரிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: ஆள் நம்பகமானவரா? நம்பகமானவர்தான் என்று பதில் போனது. வெரிஃபிகேஷன் முடிந்தது! மெக்கூலம் போனார், போலீஸாரோடு காபி குடித்தார், பறிமுதல் சரக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். அப்படிக் கொடுக்கப் போலீஸுக்கும் அதிகாரம் இல்லை, வாங்க இவருக்கும் உரிமை இல்லை, லைசென்ஸ் தரவேண்டியது சுகாதார அமைச்சகம் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. சட்டத்தை மீறியது இரண்டு தரப்பும். மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தார்கள். பின்னாளில் பேட்டிகளில் மெக்கூலமே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

கஞ்சா என்றாலே நம் ஊர்ப் பத்திரிகையில் ஒரே படம்தான். மேஜையில் அடுக்கிய பொட்டலங்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் போலீஸார், முகத்தை மூடிய இளைஞர்கள். அந்தப் படத்தின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் ஆய்வுக்கூடக் குரங்கு, கேக், எலியின் தசைத் துணுக்கு, ஸ்காட்லாந்துப் பாட்டி என்று ஒரு திருவிழாக் கூட்டமே இருக்கிறது. வாருங்கள், போவோம். டிக்கெட் வேண்டாம். பையில் எதையும் கொண்டுவரவும் வேண்டாம்!

முதலில் ஒரு கேள்வி. அபினியிலிருந்து மார்ஃபினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தாயிற்று. கோகோ இலையிலிருந்து கோகெய்னை 1860 வாக்கில் பிரித்தாயிற்று. ஆயிரக்கணக்கான வருடம் மனிதர் புகைத்தும் குடித்தும் வந்த கஞ்சாவில் போதை தருவது எந்தப் பொருள் என்பது மட்டும் 1960 வரை ஏன் துலங்கவில்லை? காரணம் ரொம்பச் சாதாரணம். மார்ஃபினும் கோகெய்னும் ஆல்கலாய்டுகள். அமிலத்தோடு சேர்த்தால் உப்பாகிப் படிகமாக உட்காரும், வடிகட்டி எடுத்துவிடலாம். கஞ்சாவில் இருப்பதோ பிசுபிசுவென்ற எண்ணெய்க் கலவை. அதில் ஒன்றுபோல் ஒன்று இருக்கிற டஜன் கணக்கான பொருள்கள், படிகமாவேனா என்று அடம்பிடிப்பவை. அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் 1940-லேயே சி.பி.டி. என்கிற கன்னாபிடையாலைப் பிரித்திருந்தார். ஆனால் அது போதைக்காரன் இல்லை. அதன் சரியான வடிவமும் அப்போது பிடிபடவில்லை.

மெக்கூலத்தின் கையில் இருந்த ஆயுதம் குரோமட்டோகிராஃபி. நீளமான கண்ணாடிக் குழாயில் பொடியை நிரப்பி, மேலே ஹஷீஷ் சாற்றை ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே வந்தால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் கீழே இறங்கும். சொட்டுச் சொட்டாக வருவதைத் தனித்தனிப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டியது. அப்படிப் பிரித்த ஒவ்வொன்றையும் ஹபிப் எடெரி என்பவரின் குழு ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றைக் குரங்குகள் சட்டைகூடச் செய்யவில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொக்கிப்போய் உட்கார்ந்தன. டெட்ராஹைட்ரோகன்னாபினால்! டி.எச்.சி.! 1964-ல் யெகியேல் காவோனியும் மெக்கூலமும் அதைப் பிரித்து வடிவத்தையும் வெளியிட்டார்கள்.

குரங்கு மயங்கினால் போதுமா, மனிதனுக்கு? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி வருகிறது. மெக்கூலத்தின் மனைவி தாலியா கேக் செய்தார். நண்பர்களைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேருக்கு வெறும் கேக், மீதிப் பேருக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. போட்ட கேக். அதற்கு முன் கஞ்சா பக்கமே போகாத மனிதர்கள். ஒருவர் வேறு உலகத்தில் மிதந்தார். இன்னொருவர் தனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றார், ஆனால் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை! மூன்றாமவரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார், சொல்லிவிட்டுச் சில விநாடிக்கு ஒருதரம் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவருக்கோ பதற்றம், மனத்தின் கதவுகளெல்லாம் திறந்துகொண்டது போன்ற பயம். ஒரே கேக், ஒரே அளவு, ஆளுக்கு ஆள் வேறு கூத்து. இன்றைக்கும் கஞ்சாவைப் பற்றி டாக்டர்கள் சொல்லும் முதல் எச்சரிக்கை இதுதான்: அடுத்தவருக்கு நடந்தது உங்களுக்கு நடக்கும் என்று எண்ணாதீர்கள்.

இந்தக் கூத்தின் முன்கதை கல்கத்தாவில் இருக்கிறது. மெக்கூலத்துக்கு 125 வருடம் முன்பு, 1839-ல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற ஐரிஷ் டாக்டர் கஞ்சாவைப் பற்றி முறையான ஆய்வுக் கட்டுரை எழுதினார். எடுத்த எடுப்பில் மனிதருக்குக் கொடுக்காமல் நடுத்தர அளவு நாய் ஒன்றுக்கு நேபாளத்துச் சரஸை (கஞ்சாப் பிசினை)க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அரை மணி நேரத்தில் நாய் மந்தமாகித் தூங்கி வழிந்தது, திடுக்கென்று எழுந்தது, மகா திருப்தியோடு வாலை ஆட்டியது, வைத்த சாப்பாட்டை ஆவலாகத் தின்றது, கூப்பிட்டால் தள்ளாடியபடி வந்தது. கஞ்சா எடுத்தால் பசி கிளம்பும், நடை தள்ளாடும் என்பதற்கு அன்றைக்கே நாய் சாட்சி! பிறகு பூனை, பன்றி, கழுகு, காக்கை, மீன் என்று ஒரு மிருகக் காட்சிசாலைக்கே கொடுத்துப் பார்த்தார். மாமிசம் தின்பவை மயங்கின, குதிரை, ஆடு, மாடு போன்ற புல் தின்பவை அவ்வளவாக அசையவில்லை என்று எழுதி வைத்தார். அதன்பிறகே வாதநோய், தனுர்வாயு நோயாளிகளுக்கும், வலிப்பு நிற்காத ஒரு கைக்குழந்தைக்கும் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. இதே மனிதர்தான் பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்து சர் பட்டம் வாங்கியவர் என்றால் நம்ப முடிகிறதா?

சரி, இந்த டி.எச்.சி. எங்கே சமைக்கப்படுகிறது? பெண் செடியின் பூங்கொத்தில். பூவைச் சுற்றியுள்ள குட்டி இலைகளை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு கண்ணாடிக் காடே தெரியும். மெல்லிய காம்பு, அதன் உச்சியில் பளபளவென்று ஒரு உருண்டை, பார்வைக்குக் குட்டிக் காளான். அந்த உருண்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. தொட்டால் ஒட்டும். இமயமலைப் பக்கம் பூவை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துச் சரஸ் எடுக்கிறார்களே, அது இந்த உருண்டைகள் உடைந்து வழிகிற பிசின்தான். உள்ளே முதலில் உருவாவது சி.பி.ஜி. அமிலம் என்கிற ஒரு தாய்ப்பொருள். அதன்மேல் இரண்டு நொதிகள் பாயும். ஒன்று அதை டி.எச்.சி. அமிலமாக்கும், மற்றது சி.பி.டி. அமிலமாக்கும். எந்த நொதி செடியின் மரபணுவில் ஒழுங்காக வேலை செய்கிறதோ அந்தப் பக்கம் சரக்கு சேரும். கன்னாபினாய்டுகள் எனப்படும் இந்த வகைப் பொருள்கள் நூற்றுக்கும் மேல் இதுவரை எண்ணப்பட்டிருந்தாலும் பெரிய பங்காளிகள் இந்த இருவர்தான்.

பச்சைச் செடியில் இருப்பது அமில வடிவம் என்பதைக் கவனியுங்கள். அது மூளையைச் சீண்டாது. சூடு பட்டால்தான் கார்பன் டை ஆக்சைடு கழன்று போய், அசல் டி.எச்.சி. வெளியே வரும். பீடியில் நெருப்பு செய்கிற வேலை அது. கஞ்சா இலையை அரைத்துச் செய்கிற பாங் தயாரிப்பில் அடுப்பு செய்கிறது. பாலும் நெய்யும் சேர்ப்பது ருசிக்காக மட்டுமில்லை, இந்தப் பொருள்கள் தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரைபவை. பனாரஸ் சந்தில் பாங் அரைக்கிறவருக்கு வேதியியல் சமன்பாடு தெரியாது, கைப்பக்குவம் தெரியும்.

ஹெம்ப் என்பது வேறு செடி என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே இனம்தான், கன்னாபிஸ் சட்டைவா. (நம் கோணிப்பைச் சணல் இதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.) காய்ந்த நிலையில் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் அது ஹெம்ப் என்று அமெரிக்கச் சட்டம் 2018-ல் கோடு போட்டது. அதே வருடம் சாகுபடிக்கு உரிமம் தரத் தொடங்கிய உத்தராகண்டிலும் அதே 0.3தான். இந்த எண் எங்கிருந்து குதித்தது? 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் செடிகளை வகைப்படுத்த வசதியாக ஒரு கோடு போட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் போதை, கீழே போனால் சாது என்று எந்த உடலும் சொல்லவில்லை. வகைப்பாட்டுக்குப் போட்ட கோடு இன்று விவசாயியின் வயலைக் கொளுத்தலாமா, விடலாமா என்று முடிவு செய்கிறது!

ஹெம்ப்பின் மற்ற லீலைகளை ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். தண்டில் நல்ல நார், கயிறுக்கும் துணிக்கும் ஆகும். தக்கையைச் சுண்ணாம்போடு குழைத்தால் சுவருக்கு ஆகும். எல்லோராக் குகைகளின் சுவர்ப்பூச்சில் கஞ்சாச் செடித் துணுக்குகள் கலந்திருந்ததைத் தொல்லியல் துறையினர் கண்டுபிடித்திருக்கிறார்கள். விதையை வறுத்து அரைத்தால் குமாவோன் மலைக்காரர்களின் அருமையான சட்னி. விதைக்குள் கன்னாபினாய்டு எதுவும் உருவாவதில்லை, ஒட்டிக்கொண்டு வருகிற பிசின் தூசிதான் மிச்சம். அதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக ஏற்றுக்கொண்டது. சட்னி சாப்பிட்டுவிட்டுத் தாராளமாக வண்டி ஓட்டலாம்.

இனி கச்சேரியின் உள்ளறை. டி.எச்.சி. கிடைத்தாயிற்று. அது மூளையில் எதைத் தொடுகிறது? இருபது வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. கொழுப்பில் கரைகிற சமாசாரம், சும்மா செல்சுவரில் கலந்து குழப்புகிறது என்றே பலரும் நினைத்தார்கள். 1988-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் அவர் மாணவர் வில்லியம் டெவேனும் எலி மூளையில் கன்னாபினாய்டுக்கென்றே ஒரு ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். சி.பி.1. தேடிப் பார்த்தால் மூளை முழுக்க அதுதான், மூளையிலுள்ள ஏற்பிகளில் எண்ணிக்கையில் முன்வரிசை! 1993-ல் சி.பி.2 பிடிபட்டது, அது நோய் எதிர்ப்பு அணுக்கள் பக்கம் அதிகம்.

இப்போது எந்த ஆராய்ச்சியாளருக்கும் தூக்கம் வராது. இயற்கை இத்தனை ஏற்பிகளைப் படைத்து வைத்தது மனிதன் என்றைக்காவது ஒரு செடியைப் புகைப்பான் என்றா? இருக்கவே முடியாது. உடம்புக்குள்ளேயே இதற்கான பொருள் சுரக்க வேண்டும். டெவேன் ஜெருசலேமுக்கு, அதற்குள் அங்கே மாறியிருந்த மெக்கூலத்தின் கூடத்துக்கே வந்து சேர்ந்தார். செக் நாட்டு வேதியியலாளர் லூமிர் ஹனுஷும் கைகோத்தார். பன்றி மூளையைக் கிலோக் கணக்கில் அரைத்து, கரைத்து, பிரித்து, மறுபடி பிரித்து... யூத நாட்டில், அதுவும் ஜெருசலேமில், பன்றி மூளை! கிலோக் கணக்கான மூளையிலிருந்து கடைசியில் மிஞ்சியது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. 1992 மார்ச்சில் பொருள் கையில். டிசம்பரில் உலகத்துக்கு அறிவிப்பு. பெயர்? சமஸ்கிருதத்தில் ஈடுபாடு கொண்டிருந்த டெவேன் உபயத்தில், ஆனந்தமைடு!

பெயர் வைத்தால் ஆயிற்றா? அது டி.எச்.சி. செய்வதைச் செய்கிறதா என்று யார் பார்ப்பது? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ரோஜர் பெர்ட்வீ என்பவரிடம் ஒரு விசித்திரக் கருவி இருந்தது. எலியின் விந்துக்குழாயைச் சின்னத் துண்டாக எடுத்து, உப்புநீர்த் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரம் கொடுத்தால் அது டக் டக்கென்று துடிக்கும். டி.எச்.சி. விட்டால் துடிப்பு அடங்கும். ஜெருசலேமிலிருந்து வந்த பொருளை விட்டார்கள். துடிப்பு அடங்கியது. மனித மகிழ்ச்சியின் மூலக்கூறு முதல் தேர்வில் பாஸானது எந்த உறுப்பில் என்பதைக் கௌரவமான பாடப்புத்தகங்கள் சத்தம் போட்டுச் சொல்வதில்லை! 1995-ல் நாயின் குடலிலிருந்து 2-ஏ.ஜி. என்ற இரண்டாவது பொருளும் வந்து சேர்ந்தது. இந்த உள்நாட்டுச் சரக்குகளுக்கு எண்டோகன்னாபினாய்டு என்று பெயர்.

அவை வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூளையில் செய்தி வழக்கமாக ஒரே திசையில்தான் போகும். முதல் நரம்பணு ஒரு ரசாயனத்தை வீசும், அடுத்த நரம்பணு வாங்கிக்கொள்ளும். ஆனந்தமைடும் 2-ஏ.ஜி.யும் எதிர்த்திசையில் நீந்துகின்றன! கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும்போது பந்தலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "மைக்செட்காரர்கிட்ட சவுண்டக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுடா" என்று அனுப்புவாரே, அந்தப் பையன்தான் எண்டோகன்னாபினாய்டு. செய்தி வாங்குகிற அணு, போதும் என்று தோன்றியதும் தன் சுவரின் கொழுப்பிலிருந்தே அதை அந்தக் கணத்தில் தயாரித்துப் பின்னோக்கி அனுப்புகிறது. அனுப்பிய அணுவின் வாயிலில் சி.பி.1 காத்திருக்கிறது. தகவல் கிடைத்ததும் சத்தம் குறைகிறது. வேலை முடிந்தவுடன் நொதிகள் வந்து பையனை மாயமாக்கிவிடும். முன்கூட்டித் தயாரித்துச் சேமிப்பது கிடையாது, கூடுதல் நேரம் நிற்பது கிடையாது. இந்தப் பின்னோட்டம் பிடிபட்டது 2001-ல்தான்.

டி.எச்.சி. என்ன செய்கிறது? யாரும் கேட்காமலே ஊரிலுள்ள எல்லாப் பந்தலிலும் ஒரே நேரத்தில் நுழைந்து சவுண்டைக் குறைக்கிறது. கலைக்க வேண்டிய நொதிகளுக்கும் இதை அடையாளம் தெரியாது, மணிக்கணக்கில் நிற்கும். ஹிப்போகாம்பஸில் நின்றால் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் தொடக்கம் மறக்கும். சிறுமூளையில் நின்றால் நடை தள்ளாடும், வண்டி ஓட்டினால் ஆபத்து. ஹைப்போதலாமஸில் நின்றால் ஓஷானஸியின் நாய்க்கு வந்த பசி. உமிழ்நீர்ச் சுரப்பியில் நின்றால் நாக்கு வறளும். ரத்தக் குழாய்கள் விரிந்து கண் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், ஐந்து நிமிடம் அரைமணி நேரமாக நீளும். மூச்சைக் கவனிக்கிற மூளைத்தண்டில் மட்டும் சி.பி.1 மிகக் குறைவு. அபினி வகை மருந்துகள் அளவு மீறினால் மூச்சு நிற்பதுபோல் இதில் நிற்காததற்குக் காரணம் அதுதான். அதை வைத்துக்கொண்டு கஞ்சா சாது என்று யாராவது வாதாடினால் நம்பவேண்டாம். வளர்கிற மூளையில் நரம்பு இணைப்புகளைச் செதுக்குவதில் இந்த உள்நாட்டு அமைப்புக்கும் பங்கு உண்டு. பதின்வயதில் தினமும் டி.எச்.சி.யை அனுப்பினால் அந்தச் செதுக்கல் கோணலாம். மனச்சிதைவு வரக்கூடிய உடல்வாகு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது.

சாப்பிட்டால் கதையே வேறு. புகை சில நிமிடத்தில் மூளைக்குப் போகும். வயிற்று வழி போவது கல்லீரலில் 11-ஹைட்ராக்சி டி.எச்.சி.யாக மாறி, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கதவைத் தட்டும், அதுவும் பலமாக. ஹோலிப் பண்டிகையில் ஒரு டம்ளர் பாங் குடித்துவிட்டு, ஒன்றுமே ஆகவில்லையே என்று இரண்டாவதை இறக்குகிறவர்கள்தான் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர்கள். இன்னொரு விசித்திரம்: குமட்டலை அடக்குகிற இதே பொருள், வருடக்கணக்காகத் தினமும் எடுப்பவர்கள் சிலருக்கு அடங்காத வாந்தியைக் கொண்டுவரும். வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் தணியும். மணிக்கணக்கில் வெந்நீர் ஷவரின் கீழே நிற்கிற நோயாளிகளை வைத்து 2004-ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் இந்த நோயை விவரித்தார்கள்.

பசியைத் தூண்டுகிற ஏற்பியை அடைத்துவிட்டால் குண்டு மனிதர்கள் இளைப்பார்களே என்று ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு மூளையில் மணியடித்தது. ரிமோனபான்ட் என்ற மாத்திரை 2006-ல் ஐரோப்பிய சந்தைக்கு வந்தது. எடை குறைந்தது நிஜம். கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-ல் நிறுத்தினார்கள், இந்தியாவும் பிறகு தடை செய்தது. பசியும் ஆனந்தமும் ஒரே வாயிலில் நிற்கின்றன, ஒன்றைப் பூட்டினால் மற்றதும் உள்ளே வராது. பிறந்த எலிக்குஞ்சுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அது பால் குடிக்கவே மறந்துபோனது. தாய்ப்பாலிலும் 2-ஏ.ஜி. உண்டு என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் வாய்ப் பாலுக்கே இந்த அமைப்புதான் பாதை போடுகிறது.

சரி, அடைக்க வேண்டாம், ஆனந்தமைடைக் கலைக்கிற நொதியைக் கட்டிப்போட்டால்? அப்படியே பிறந்த ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டியை 2019-ல் மருத்துவ உலகம் கண்டுகொண்டது. அறுபது வயதைக் கடந்து கையில் அறுவை சிகிச்சை, பிறகும் வலி மாத்திரை வேண்டாம் என்கிறார்! காரமான மிளகாய் தின்றால் இதமாக இருக்கிறதாம். அடுப்பில் கை சுட்டால் வாசனை வந்துதான் தெரியுமாம். பதற்றம் அவருக்குத் தெரியாது, மறதி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நொதி பலவீனம், ரத்தத்தில் ஆனந்தமைடு அதிகம். ஆனால் இதையே மாத்திரையாக்கப் போய் 2016-ல் பிரான்ஸின் ரென் நகரில் நடந்த சோதனையில் ஒரு தன்னார்வலர் இறந்தார், சிலர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். அந்த மருந்து வேறு பல நொதிகளையும் சேர்த்து முடக்கியது பின்னால் தெரிந்தது. இந்த உள்ளறையில் விளக்கைத் தொடுகிறவர்கள் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று தெரிந்து தொடவேண்டும்.

ஓடினால் வருகிற மிதப்பும் இதே கோஷ்டிதான். எண்டார்ஃபின், எண்டார்ஃபின் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் 63 பேரை 45 நிமிடம் ஓடவும் நடக்கவும் வைத்து, எண்டார்ஃபினின் வழியை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். மிதப்பு அப்போதும் வந்தது! ரத்தத்தில் ஏறியிருந்தவை எண்டோகன்னாபினாய்டுகள். மெரினாவில் காலையில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவிட்டு அசட்டுச் சிரிப்போடு நிற்கிறவர்களைப் பார்த்தால் இனி காரணம் புரியும்.

சி.பி.டி.யை மறந்துவிட்டோம். இது சி.பி.1-ஐ அவ்வளவாகத் தொடுவதில்லை, போதையும் தராது. மிளகாய்க் காரத்தை உணர்கிற டி.ஆர்.பி.வி.1, செரட்டோனின் ஏற்பி ஒன்று என்று வேறு வாசல்களில் புகுந்து வேலை செய்கிறது. கதாநாயகன் ஆனது வலிப்பில். டிராவெட், லெனாக்ஸ்-கஸ்டாட் என்ற இரண்டு கொடிய குழந்தை வலிப்பு நோய்களுக்கு எபிடயோலெக்ஸ் என்ற சுத்த சி.பி.டி. மருந்தை அமெரிக்க மருந்துத் துறை 2018 ஜூனில் அனுமதித்தது. அளவைப் பாருங்கள்: உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம். அமெரிக்கக் கடைகளில் தூக்கத்துக்கும் மூட்டுவலிக்கும் விற்கிற மிட்டாய்களில் பெரும்பாலும் 10, 25 மில்லிகிராம்தான். வலிப்பில் நிரூபித்ததைக் காட்டி மிட்டாயை விற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பெரிய அளவில் கல்லீரல் நொதிகள் ஏறலாம், தூக்கம் சொக்கலாம், மற்ற மருந்துகளைக் கல்லீரல் கலைப்பதை இது தடுக்கவும் செய்யலாம்.

நம் ஊர் நிலவரம்: 1985-ன் போதைப்பொருள் சட்டப்படி பூவும் காயும் விடுகிற கொத்துதான் கஞ்சா. கொத்து சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. கொத்தைக் கையில் வைத்திருந்தால் கொஞ்சமாக இருந்தாலும் ஒரு வருடம் வரை சிறை, 20 கிலோவுக்கு மேல் போனால் பத்து முதல் இருபது வருடம். சித்த மருந்தில் கஞ்சா உண்டு, ஆனால் சட்டம் அதை நச்சுச் சரக்குப் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கச் சொல்கிறது. 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில் இலைச் சாறு சேர்ந்த எண்ணெய்களும் விற்பனையில் உள்ளன.

மெக்கூலம் 2023 மார்ச்சில், 92 வயதில், ஜெருசலேமில் இறந்தார். கடைசிவரை அவர் கேட்டுக்கொண்டிருந்தது முறையான மருத்துவச் சோதனைகளைத்தான். நீங்கள் கடையில் ஹெம்ப் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தால் லேபிளைப் படியுங்கள். விதை எண்ணெய் என்று இருந்தால் அது சமையலுக்கான நல்ல கொழுப்பு, அதில் சி.பி.டி. இல்லை, அதற்கான விலையையும் கொடுக்காதீர்கள். இலைச் சாறு, சி.பி.டி. என்று இருந்தால் அது மருந்து. வலிப்பு மாத்திரையோ, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ எடுப்பவர் வீட்டில் இருந்தால், பாட்டிலைத் திறக்கும் முன் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.